பழக்கம் ஏதாவது உண்டா?

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தெருமுனைக் கிளினிக்குகளிலும் அன்றாடம் புழங்கும் கேள்வி இது. ‘பழக்கம்’ என்ற சொல்லுக்கு அந்த அறைக்குள் அடைமொழி தேவையில்லை. என்ன பழக்கம் என்று எந்த ஆணும் திருப்பிக் கேட்பதில்லை. “எப்பவாவதுதாங்க டாக்டர்” என்று அவர் சொல்லும்போது மருத்துவரின் கண் பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பும். சொன்னது உண்மையா என்று பார்க்க அந்த ஒரு நொடி போதும். அவள் தலையைக் குனிந்தால் ஒரு பொருள், உதட்டைச் சுழித்தால் இன்னொரு பொருள். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மதுவைப் பற்றித் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேசியிருக்கிறோம். 1937ல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு தொடங்கி, 2003ல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது வரை நாம் எழுதியதெல்லாம் கடையின் வரலாறு, அரசின் வரலாறு, கடை வாசலில் உட்கார்ந்து மறித்த பெண்களின் வரலாறு. 1992ல் நெல்லூர் மாவட்டத்து துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்பிலிருந்து கிளம்பிய சாராய எதிர்ப்பும் அந்த வரிசையில் வரும். மருத்துவரின் அறைக்குள் இந்தப் பேச்சு எப்படி நடந்தது, அங்கே பெண் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டாள் என்பதை நாம் அதிகம் பார்க்கவில்லை. நான் தமிழ் படித்தவள், மருத்துவம் படித்தவள் அல்ல. ஒரு கேள்வி எந்தச் சொற்களால் கேட்கப்படுகிறது, யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்று பார்ப்பது என் தொழில். அந்த அளவில்தான் இதற்குள் நுழைகிறேன்.

மருத்துவர்கள் மதுவைப் பற்றி முதலில் பேசியது நோயாளியிடம் அல்ல, அரசிடம். 1726ல் லண்டன் மருத்துவர் கல்லூரி, ஜின் குடி பெருகுவதால் பலவீனமான குழந்தைகள் பிறக்கின்றன என்று நாடாளுமன்றத்திடம் முறையிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1751ல், ஹோகார்த் வரைந்த ‘ஜின் லேன்’ படத்தின் நடுவில் போதையில் கிடக்கும் ஒரு தாய். அவள் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. ஊர் முழுக்க ஆண்கள் குடித்துக் கிடந்தாலும் படத்தின் மையத்துக்கு ஒரு பெண்தான் தேவைப்பட்டாள்.

நோயாளியோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்ற எண்ணம் கடற்படை மருத்துவரான தாமஸ் டிராட்டரிடம் தெளிவாகத் தெரிகிறது. 1804ல் வெளிவந்த அவருடைய நூல் குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்றது. முதலில் நோயாளியின் முழு நம்பிக்கையைப் பெறு, பிறகு வைத்தியத்தைத் தொடங்கு என்பது அவர் மருத்துவர்களுக்குச் சொன்னது. போதகரின் கண்டனத்தை விட்டு விலகிய பேச்சு அது. ஆனால் அதற்குப்பின் நூறாண்டுக்கும் மேலாகக் குடி மருத்துவம் என்பது பெரும்பாலும் காப்பகங்களின் கதையாகவே போனது. சாதாரண மருத்துவரின் மேசைக்கு அது வரவில்லை. முற்றிப்போனவர்களை மட்டும் ‘குடிநோயாளி’ என்று பெயரிட்டு வேறிடத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த இடைக்காலத்தில் மனைவிக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 1935ல் அமெரிக்காவில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தொடங்கியது. 1939ல் வந்த அதன் அடிப்படை நூலில் ‘மனைவியருக்கு’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. குடிகாரக் கணவர்களோடு வாழ்ந்த பெண்கள் மற்றப் பெண்களுக்குச் சொல்வதுபோல, ‘நாங்கள்’ என்ற தன்மைப் பன்மையில் அமைந்த அத்தியாயம். எழுதியவர் பில் வில்சன், அதாவது கணவர். மனைவி லூயிஸ் அதை எழுதவில்லை. மனைவியின் குரலில் கணவன் எழுதிய அறிவுரை அது. தலைவி கூற்றாக ஆண் புலவர்கள் பாடிய மரபைப் பாடம் நடத்துகிற எனக்கு இது பெரிய வியப்பில்லை. ஆனால் அகப்பாடலை வைத்து யாரும் மருத்துவம் பார்க்கவில்லை. லூயிஸ் 1951ல் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார்.

1953ல், குடும்பநலப் பணியில் இருந்த தெல்மா வேலன் என்ற பெண் ஓர் ஆய்விதழில் குடிநோயாளிகளின் மனைவியரை நான்கு வகையாகப் பிரித்தார். துன்பப்படும் சூசன், அடக்கியாளும் கேத்தரின், தடுமாறும் வினிஃபிரட், தண்டிக்கும் பாலி. இப்படித் துன்பப்படுவதும் அடக்கியாள்வதும் இந்தப் பெண்களின் உள்மனத் தேவை, அதனால்தான் அத்தகைய ஆணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்த வகைப்பாட்டின் உட்பொருள். கணவன் குடிப்பதற்கு நோய் என்று பெயர் கிடைத்த அதே காலத்தில் அவனோடு வாழ்வதும் ஒரு நோயானது. அவனுக்கு அனுதாபம், அவளுக்கு ஆராய்ச்சி. மறு ஆண்டே ஜோன் ஜாக்சன் இதற்கு விடை எழுதினார். சியாட்டிலில் குடிநோயாளிகளின் மனைவியர் கூடும் குழுவில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டவர் அவர். இந்தப் பெண்கள் செய்வதெல்லாம் நீளும் ஒரு நெருக்கடியைச் சமாளிக்கும் முயற்சிகள், கட்டம் கட்டமாக மாறுபவை என்று காட்டினார். மறைப்பாள், பிறகு கெஞ்சுவாள், பிறகு சண்டையிடுவாள், பிறகு வீட்டுப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வாள். ஒரே பெண்தான். வேலனின் நான்கு பெண்களும் ஒருத்தியின் நான்கு பருவங்கள் என்று அதை வாசிக்கலாம். நம் தெருவில் இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆனால் ஆய்விதழில் ஏற எவராவது மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது.

1977ல் லண்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்ட் உள்ளிட்ட குழுவினர் குடிநோயால் பாதிக்கப்பட்ட, திருமணமான ஆண்கள் 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அன்றைய முழுச் சிகிச்சை. மறுபாதிக்கு, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு ஆலோசனை அமர்வு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. மருத்துவ உலகம் இதிலிருந்து ஒரு பாடம் படித்தது: சரியாகச் சொன்ன சில சொற்களே போதுமானால் அவற்றைக் குடும்ப மருத்துவரே சொல்லலாமே, முற்றும்வரை காத்திருக்காமல் முன்பே சொல்லலாமே. நான் படிக்கும் இன்னொரு பாடம் உண்டு. ஒரே அமர்வு என்று பெயர் பெற்ற அந்தச் சிகிச்சைக்குப் பின்னால் வீட்டில் ஒரு மனைவி இருந்தாள். மருத்துவர் ஒருமுறை சொன்னதை அவள் எத்தனை முறை நினைவூட்டினாள் என்பது எந்த அட்டவணையிலும் ஏறாது. திருமணமான ஆண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே மனைவி என்ற ஒருத்தி இருக்கிறாள் என்ற உறுதியின் மேல்தான்.

அதன்பின் வேகமாக நகர்ந்தது. 1983ல் சுவீடனின் மால்மோ நகரில், நடுவயது ஆண்களின் ரத்தத்தில் கல்லீரல் நொதி ஒன்றைப் பார்த்து, உயர்ந்திருந்தவர்களைத் தொடர்ந்து அழைத்துப் பேசிய ஆய்வு வெளிவந்தது. 1988ல் பிரிட்டனில் 47 குடும்ப மருத்துவ நிலையங்களில் 909 பேரிடம் மருத்துவர்கள் பேசிப் பார்த்தார்கள். ஆண், பெண் இருபாலருமே குறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியலை உருவாக்கியது. மொத்த மதிப்பெண் 40. எட்டைத் தொட்டால் ஆபத்தான குடி.

எப்படிப் பேசுவது என்பதில் நடந்த மாற்றமும் சிறிதல்ல. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983ல் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியோடு வாதாடாதே, குற்றம் சாட்டாதே. குடிப்பதில் அவனுக்கே இருக்கும் இரண்டு மனத்தை அவன் வாயாலேயே பேசவிடு என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து அவர் குழு நடத்திய ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு அதிகமாக மோதினாரோ, ஓராண்டுக்குப் பின் அந்த நோயாளி அவ்வளவு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. இன்று இது உலகெங்கும் பயிற்சியாகச் சொல்லித்தரப்படும் திறன்.

இதைப் படித்தபோது எனக்குள் கொஞ்சம் கோபமும் வந்தது. எப்போது பேசினால் சண்டை வராது, எந்தக் கிழமை எந்த நேரத்தில் அவர் காதில் ஏறும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை முன்னால் வைத்துப் பேசலாமா, மாமியார் இல்லாத நேரம் பார்க்கலாமா என்று இருபது வருடமாகக் கணக்குப் போட்டுப் பேசும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதற்குத் தமிழில் ஒரே பெயர்: நச்சரிப்பு. மருத்துவர் மென்மையாகப் பேசினால் அது திறன். அவள் பேசினால் ‘அதனாலதான் குடிக்கிறான்’.

மில்லர் சொல்வதைத் தமிழில் செய்யப் போனால் இன்னொரு சிக்கல். நம் மொழியில் குடிக்காதவருக்கும் குடிகாரனுக்கும் நடுவில் சொல்லே இல்லை. ‘ஆபத்தான அளவில் குடிப்பவர்’ என்பது மொழிபெயர்ப்பு, பேச்சு இல்லை. ‘எப்பவாவது’ என்ற ஒரு சொல்லுக்குள் மாதம் ஒருமுறையும் வாரம் ஐந்து நாளும் அடங்கிவிடுகின்றன. ‘குடிகாரன்’ என்றால் சாக்கடை ஓரத்தில் கிடப்பவன். வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவருபவர் தன்னை அந்தச் சொல்லுக்குள் வைக்கமாட்டார். பெண்பாலான ‘குடிகாரி’ வசவாக மட்டுமே புழங்குகிறது. செய்தித்தாள்கள் ‘குடிமகன்’ என்று சிலேடை செய்து சிரிக்கின்றன. ‘குடிமகள்’ என்று எழுதினால் அந்தச் சிரிப்பு வராது.

அளவும் அப்படித்தான். ஆடிட் பட்டியலின் மூன்றாவது கேள்வி, ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது. ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் ஊர்க் கணக்கு குவார்ட்டர், கட்டிங். 180 மில்லி குவார்ட்டரில், நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம் என்று வைத்தால், சுமார் 60 கிராம் ஆல்கஹால் வருகிறது. ஆறு அளவு. “ஒரு குவார்ட்டரோட நிறுத்திக்குவேன் டாக்டர்” என்று அடக்கத்தோடு சொல்பவர், அந்த ஒரு வாக்கியத்திலேயே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தொட்டுவிட்டார். இதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல மருத்துவருக்கு டாஸ்மாக்கின் மொழி தெரிந்திருக்கவேண்டும். வீட்டில் பாட்டிலை எடுத்து வெளியே போடுகிற பெண்ணுக்கு அது தெரியும்.

குடிக்கிற பெண்கள் இந்த வரலாற்றில் வேறொரு வாசல் வழியாக வந்தார்கள். 1973ல் கருவில் ஆல்கஹால் ஏற்படுத்தும் பாதிப்புக்கு மருத்துவ இதழ் ஒன்றில் பெயர் சூட்டப்பட்டது. உண்மையான பாதிப்பு, கடுமையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெண்ணிடம் மதுவைப் பற்றிப் பேச மருத்துவருக்குக் கிடைத்த காரணம் அவளுடைய கல்லீரலோ மார்பகமோ தூக்கமோ அல்ல, கருப்பை. அதுவரை இருந்த ‘கேஜ்’ என்ற நான்கு கேள்விப் பட்டியலில் குற்றவுணர்வு பற்றி ஒரு கேள்வி இருந்தது. 1989ல் கருவுற்ற பெண்களுக்காக அதை மாற்றியபோது அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, போதை ஏற உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று பெண்ணுக்கு உடனே புரியாது, அதனால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்பது காரணம். ஆணிடம் நம்பிக்கையைப் பெறு என்ற மருத்துவம் பெண்ணிடம் மறைந்திருந்து கேட்டது. அவள் மறைத்ததற்கும் காரணமிருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1990களின் இறுதியில், கருவுற்ற பெண் அளவு மீறிக் குடித்தால் அவளைத் தடுத்து வைக்க வழிசெய்யும் சட்டமே வந்தது. 2016ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாத, கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் மதுவைத் தொடவேண்டாம் என்று அறிவுறுத்தியபோது அங்கே பெண்கள் கொதித்தெழுந்தார்கள். இன்னும் உருவாகாத கருவுக்காகக்கூட மருத்துவம் பேசியது.

உலக சுகாதார நிறுவனம் எட்டு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1996ல் வந்தது. பங்கேற்றவர்கள் ஆண்கள் 1,260, பெண்கள் 299. ஆலோசனை பெற்ற ஆண்கள், பெறாத ஆண்களைவிடச் சுமார் 17 சதவீதம் குறைவாகக் குடித்தார்கள். பெண்களிடம் அப்படி வேறுபாடு தெரியவில்லை. காரணம், ஆலோசனை பெற்ற பெண்களும் குறைத்தார்கள், பெறாத பெண்களும் குறைத்தார்கள். ஆலோசனை பெறாதவர்களும் ஆய்வுக்காகத் தங்கள் குடியைப் பற்றிய கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொன்னவர்கள்தான். ஒருவர் எதிரே அமர்ந்து, கடிந்துகொள்ளாமல், உன் கதை என்ன என்று கேட்டதே அவர்களுக்கு முதல் முறையாக இருந்திருக்கலாம் என்பது என் வாசிப்பு. புள்ளியியலாளர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். பல ஆண்டுகள் ‘பெண்களுக்கு இது பலன் தருமா தெரியவில்லை’ என்றே எழுதப்பட்டது. 2018ல் 69 ஆய்வுகளை, 33,642 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் பலன் இருபாலருக்கும் உண்டு என்றானது. பலனின் அளவையும் சொல்லிவிடுகிறேன்: சராசரியாக வாரத்துக்கு 20 கிராம் குறைவு. நம் கணக்கில் ஒரு லார்ஜ்.

இங்கே பெண்கள் குடிப்பது குறைவுதானே என்று கேட்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 சதவீதம், பெண்களில் 1.3 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் இருப்பவர்களில் பலர் தோட்டத்திலும் சூளையிலும் உடல் நோக வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் யார் கேட்கிறார்கள்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு முழு உடல் பரிசோதனை. படிவம் நிரப்பிய பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘பழக்கம்: இல்லை’ என்று எழுதினார். எனக்குப் பின்னால் வந்த ஆணிடம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். என் கழுத்தில் தாலி, கையில் கல்லூரி அடையாள அட்டை. அவை எனக்காகப் பதில் சொல்லிவிட்டன. உண்மையில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்திருந்தால் சொல்வதற்கு அங்கே இடமிருந்திருக்காது.

நம் நாட்டிலேயே நடந்த முக்கியமான முயற்சி கோவாவினுடையது. அபிஜித் நாட்கர்ணி, விக்ரம் படேல் குழுவினர் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை பெற்ற 377 ஆண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு, மருத்துவரல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒன்று முதல் நான்கு அமர்வுகள் பேசினார்கள். 2017ல் லான்செட் இதழில் அச்சானது. மூன்று மாதத்தில் ஆபத்து எல்லைக்குக் கீழே வந்தவர்கள், பேசப்பட்டவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 26 சதவீதம். உள்ளூர்ப் பேச்சில், உள்ளூர் ஆளால், சம்பளப் பிடித்தமில்லாமல், ஊரார் அறியாமல் கிடைத்த உதவி. இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. மருத்துவர் ஒருவருக்கு நூறு நோயாளிகள் காத்திருக்கும் ஓ.பி.யில் நடக்கக்கூடியது இதுதான்.

அதே கட்டுரையில் பலர் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. மனைவி மீதான வன்முறையில் இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மூன்று மாதம் குறுகிய காலம் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் ‘குடியை விட்டால் அடியும் நின்றுவிடும்’ என்று நம் பெண்களுக்குச் சொல்லப்படும் ஆறுதலை இந்த வரி தாங்கிப் பிடிக்கவில்லை. அடிப்பவனுக்குக் குடி ஒரு துணை. அடிக்கும் உரிமை வேறிடத்திலிருந்து வருகிறது. கணவன் எத்தனை முறை போதை ஏறக் குடிக்கிறான், அடித்தானா என்று குடும்ப நல ஆய்வு பெண்களை வீட்டுக்குள் வைத்துத் தனியாகக் கேட்கிறது, எண்ணாக்கி அச்சிடுகிறது. அதே பெண் உடம்பு வலி, தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஓ.பி. சீட்டோடு வரும்போது கேட்பதில்லை. மாத்திரை எழுதப்படுகிறது.

கேட்கலாம் என்று சொன்னவர்களில் ஒருவர் அந்த 1977 ஆய்வின் ஜிம் ஆர்ஃபோர்ட். மனைவியைச் சாட்சியாக வைத்து ஆய்வு தொடங்கிய அதே மனிதர், பிறகு மெக்சிகோ நகரம், தென்மேற்கு இங்கிலாந்து, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் என்று மூன்று இடங்களில் குடும்பத்தாரின் கதைகளைக் கேட்டுத் தொகுத்த குழுவில் முன்நின்றார். குடிப்பவர் வந்தாலும் வராவிட்டாலும் குடும்பத்தாரையே உதவி தேவைப்படுகிறவராக வைத்து, ஆரம்ப மருத்துவ நிலையத்திலேயே செய்யக்கூடிய ஐந்து படிகள் வகுக்கப்பட்டன. முதல் படி, அவள் சொல்வதைக் கேட்பது. அவள் ஏன் அவனை மணந்தாள் என்ற கேள்வி அதில் இல்லை. கோவாவிலும் பின்னர் உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு இந்த முறையைக் குடும்பத்தாரிடம் சோதித்துப் பார்த்தார்கள்.

முதுகலை மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒருமுறை ஆடிட் கேள்விகளை மாணவியருக்குக் கொடுத்தேன். உங்களிடம் இயல்பாக எதிர்பார்க்கப்படும் வேலையைக் குடியால் செய்ய முடியாமல் போனது எத்தனை முறை என்ற ஐந்தாவது கேள்வியில் வகுப்பு நின்றுவிட்டது. ‘ஆம்பளைகிட்ட என்ன மேடம் எதிர்பாக்கிறாங்க, சம்பளம்தானே? பொம்பளைக்கு இத எழுதினா ஒரு பக்கம் வரும்’ என்றாள் ஒருத்தி. பத்தாவது கேள்வி, உறவினரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா என்பது. மனைவி அந்தப் பட்டியலுக்குள் வருகிற ஒரே இடம் அது, ‘உறவினர்’ என்ற சொல்லுக்குள். பெரும்பாலோர் ‘கவலை தெரிவித்ததுண்டா’ என்று எழுதியிருந்தார்கள். சரியான மொழிபெயர்ப்புதான். கடைசி வரிசை மாணவி ஒருத்தி ‘வீட்டில் யாராவது உங்களிடம் சொல்லிப் பார்த்ததுண்டா’ என்று எழுதி, சொல்லிப் பார்த்தது என்பதை அடித்துவிட்டு, ‘சொல்லி அழுதது’ என்று திருத்தியிருந்தாள்.